ஏட்டில் எழுதும் சொல்
மலை வட்டங்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

பம்மலில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது அவை முழுக் குன்றுகள். ஜல்லிக்காக வெட்டி வெட்டி இப்போது பாதி முகத்தோடு நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தேர்வாணையத் தேர்வில் தேறி வருவாய்த் துறைக்குப் போகும் பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்க வருவார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் என்று கேட்பார்கள்; தெரிந்ததைச் சொல்வேன். போன மாதம் வந்தவர்களில் மூவருக்கு மலை வட்டங்களில் பணியாணை வந்திருக்கிறது. நான் இளநிலை உதவியாளராகத் தொடங்கி வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். இரண்டு தவணையாக ஒன்பது ஆண்டுகள் நீலகிரியில் இருந்தேன். "ஐயா, பேசியதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியும் பிறகு பிரிட்டிஷ் அரசும் மலையை ஆண்ட கதை இதில் நிறைய வரும். நீங்கள் உட்காரப்போகும் நாற்காலி அவர்கள் போட்டது. திறக்கப்போகும் பதிவேட்டின் கட்டங்கள் அவர்கள் வரைந்தவை. அந்தக் கட்டங்களுக்குள் என்ன விழுந்தது, என்ன விடுபட்டது என்று தெரியாமல் நல்ல வேலை செய்ய முடியாது.

1. முதலில் ஏறுங்கள், பிறகு எழுதுங்கள்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது நீலகிரி கம்பெனியின் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்த்துக் கணக்கு வைத்தார்கள். 1812-இல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளர் மேலே போய் அறிக்கை எழுதினார். அறிக்கை கோப்பில் தங்கியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் தானே ஏறிப் போனார். அதே ஆண்டு மே மாதம் மறுபடி போனார். கோத்தகிரி பக்கம் திம்பட்டியில் வீடு கட்டித் தங்கினார். கன்னேரிமுக்கில் அந்தப் பெத்தக்கல் பங்களா இன்றும் நினைவகமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆக, கணக்கில் மலை வந்து, கலெக்டர் கண்ணில் மலை பட இருபது ஆண்டுகள் ஆயின.

அலுவலகத்தில் உட்கார்ந்தபடி 'தலத்தைப் பார்வையிட்டேன்' என்று எழுதும் வழக்கம் உங்களைத் தேடி வரும். அந்த ஒரு வரியைப் பொய்யாக எழுதாதீர்கள். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் நம் பல்லாவரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். அது பழைய கற்கால மனிதன் செய்த கோடரி. ஆயிரம் பேர் நடந்த மண்ணில் அவர் குனிந்ததால் இந்திய வரலாறே பின்னோக்கி நீண்டது. நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் கருவி கால். இரண்டாவது, குனியத் தெரிந்த முதுகு.

2. 'தரிசு' என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

நீலகிரியின் மேல்தளத்தில் புல்வெளியும் சோலைக் காடும் மாறி மாறி இருக்கும். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். தோடர்கள் என்ற பழங்குடியினர் அந்தப் புல்லில் எருமை மேய்த்தார்கள். பருவத்துக்கு ஒரு மந்து, அதாவது குடியிருப்பு, என்று இடம் மாறினார்கள். ஒரு மந்தில் ஆள் இல்லாத மாதத்தில் அங்கே போகிற அதிகாரிக்கு அது ஆளற்ற நிலம். தோடருக்கோ அடுத்த பருவத்தின் வீடு. உழாத நிலத்துக்கு உரிமையாளர் இல்லை என்பது சமவெளியின் கணக்கு. அந்தக் கணக்கில் மேய்ச்சல் நிலம் தரிசு ஆனது.

மலை தோடர்களுக்கே சொந்தம், எடுப்பதானால் ஈடு கொடுத்து எடுக்க வேண்டும் என்று சல்லிவன் வாதாடினார். 1827-இல் சென்னை கவர்னராக வந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. கடைசியில் 1843-இல் இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் குழு தீர்ப்புச் சொன்னது: தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு, மந்துகளையும் கோயில் இடங்களையும் காக்க வேண்டும், ஆனால் மண்ணுக்கு அவர்கள் உரிமையாளர்கள் அல்லர். புல்லுக்கு உரிமை, புல் முளைக்கும் மண்ணுக்கு இல்லை! ஒரு சமூகத்தின் அடுத்த பல தலைமுறைகளை அந்தப் பிரிவினை எழுதிவிட்டது.

தரிசு என்று எழுதியபின் அதை 'பயன்படுத்த' வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும். விறகுக்கும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலிய நாட்டு வாட்டில் மரமும் யூகலிப்டசும் புல்வெளியில் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நட்டோம், இன்னும் அதிகமாகவே நட்டோம். இன்று அந்த மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட, வனத்துறை வெட்டிக்கொண்டிருக்கிறது. புல்லும் சோலையும் பஞ்சு போல மழையைப் பிடித்து ஆற்றுக்கு விடுபவை என்பது தோடருக்கு அன்றே தெரியும். அவரிடம் கேட்கத்தான் ஏட்டில் கட்டம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள மலைக்குப் போக வேண்டியதில்லை. நம் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கத்தில் ஏரி உள்வாய், மேய்க்கால் புறம்போக்கு என்ற சொற்களோடு எத்தனை குடும்பங்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் போராடுகின்றன! 'அ' பதிவேட்டில் உள்ள ஒரு சொல்லுக்காகத்தான் அவர்களுக்குப் பட்டா இல்லை. அந்தச் சொல்லை எழுதிய கை எப்போதோ போய்விட்டது.

3. ஒரு நிலத்துக்கு ஒருவர்தான் சொந்தக்காரர் என்று நினைக்காதீர்கள்.

நீலகிரியின் உழவர் சமூகமான படகர்கள் ஓரிடத்தில் சில ஆண்டுகள் சாமை போன்ற தானியங்களைப் பயிரிடுவார்கள். மண் களைத்ததும் ஆறப்போட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். மண் தேறியதும் திரும்பி வருவார்கள். கம்பெனி ஏடுகளில் இதற்குப் 'பர்த்தி' என்று பெயர். தீர்வை கட்டுவது சிறு பரப்புக்கு, கையாள்வது பெரும்பரப்பை என்பது அதிகாரிகளின் குறை. 1862-இல் அந்த முறையை நீக்கினார்கள். கணக்கு நேரானது. ஆனால் ஆறப்போட்ட மண் அத்தனையும் 'யாருக்கும் இல்லாத நிலம்' ஆகித் தோட்டக்காரர்கள் விண்ணப்பிக்கத் தோதாகிவிட்டது.

அதே நிலத்தில் படகர் விளைத்த தானியத்தில் ஒரு பங்கு தோடருக்கும் போகும். கோத்தர் இரும்பு வேலையும் பானையும் செய்து கொடுப்பார், இசை வாசிப்பார், அவருக்கும் பங்கு உண்டு. குறும்பர் காட்டுப் பொருளும் மருந்தும் கொண்டு வருவார். ஒரு வயலின் மேல் நான்கு சமூகங்களின் கை இருந்தது. பட்டாவில் ஒரு பெயருக்குத்தான் இடம். மற்ற மூன்று கைகளும் அன்றே ஏட்டுக்கு வெளியே போய்விட்டன.

விசாரணைக்குப் போனால் "இது யாருடையது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதில் யார் யாருக்கு என்ன வழக்கம்?" என்று கேளுங்கள். தண்ணீர் எடுப்பவர், சுடுகாட்டுக்கு வழி நடப்பவர், தேன் எடுப்பவர், ஆண்டுக்கு ஒருமுறை சாமி கும்பிட வருபவர் எல்லோரையும் அறிக்கையில் கொண்டு வாருங்கள். அவர்களுக்குக் கட்டம் இல்லாவிட்டால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். குறிப்புப் பகுதியைக் காலியாக விடுகிறவர்கள் பாதி வேலைதான் செய்தவர்கள்.

4. வேலை பார்க்கும் மலையில் நிலம் வாங்காதீர்கள்.

சல்லிவன் நல்லவர். தோடருக்காகப் பேசினார். உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கறிகளையும் மலைக்குக் கொண்டுவந்தார். 1822-இல் உதகையில் கல் வீடு கட்டினார், பிறகு ஏரி அமைத்தார். ஆனால் கலெக்டராக இருந்துகொண்டே மலையில் பரந்த நிலங்களைத் தன் பெயரில் வைத்திருந்தார். தோடர்களின் மண்ணுரிமைக்காக அவர் வாதாடியபோது, "நீ அவர்களிடம் வாங்கிய நிலத்தைக் காப்பாற்றத்தானே பேசுகிறாய்" என்று எதிராளிகள் கேட்க அது இடம் கொடுத்தது. நியாயம் அவர் பக்கம் இருந்தும் அவர் சொல் எடுபடவில்லை.

எனக்கும் ஒருவர் வந்து, "சார், நல்ல இடம், பத்து சென்ட், அம்மா பெயரில் பதிந்துகொள்ளலாம்" என்றார். அன்று அதிகம் யோசிக்காமல் மறுத்தேன். எவ்வளவு நல்ல காரியம் செய்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. நேர்மை உங்களுக்கு அழகு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கறை, உங்களை நம்பியவரின் வழக்கைக் கெடுத்துவிடும்.

5. எல்லைக் கோடு மாறினால் யார் நடக்க வேண்டும் என்று பாருங்கள்.

1830-இல் நீலகிரியின் மேற்குப் பகுதியை மலபார் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். உதகையில் இருந்தவரின் மேலதிகாரி கோழிக்கோட்டில். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1843-இல் கோயம்புத்தூருக்கே திருப்பினார்கள். 1868-இல் தனிச் சட்டம் செய்து, ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்சை முதல் ஆணையராக நியமித்தார்கள். 1882-இல்தான் நீலகிரி தனி மாவட்டமாகி, பார்லோ முதல் கலெக்டர் ஆனார். இத்தனை மாற்றத்திலும் தோடர் மந்தும் படகர் ஊரான ஹட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன. மனுவைத் தூக்கிக்கொண்டு போகும் திசைதான் மாறியது.

பம்மலுக்கும் இது புதிதல்ல. 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தோம். 2021-இல் நகராட்சி போய்த் தாம்பரம் மாநகராட்சி ஆனோம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு எந்த அலுவலகம் என்று தெரியாமல் மூன்று இடம் அலைந்தார். இங்கே ஷேர் ஆட்டோ இருக்கிறது. மலையில் ஒரு பழங்குடிக் கிராமத்திலிருந்து வட்ட அலுவலகம் வந்து திரும்ப ஒரு நாள் கூலி போகும். ஒரு சான்றிதழுக்கு மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் பட்டினி போட்டதாக அர்த்தம். முடிந்தவரை முகாமை அவர்கள் வாசலில் போடுங்கள்.

6. சாலை, வரி இரண்டும் கீழிருந்து பார்த்தால் வேறு, மேலிருந்து பார்த்தால் வேறு.

1823 வாக்கில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரைப் பாதை வந்தது. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை. 1899-இல் குன்னூர் வரை ரயில், 1908-இல் உதகை வரை. பாதை வந்ததால் மருத்துவரும் பள்ளியும் வந்தது உண்மை. பாதை வந்ததால் தேயிலைத் தோட்டமும் படைவீடும் வந்து, மலைவாசி ஒதுங்கியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்றைய சென்னை மாகாணத்தின் இன்னொரு மலைப்பகுதி இதைவிடக் கடுமையாகப் பாடம் சொல்கிறது. கோதாவரிப் பக்கத்து ரம்பா மலைகளில், மரத்திலிருந்து கள் இறக்கிக் குடிப்பது வீட்டு வழக்கம். அதைக் குத்தகைக்கு விட்டு வரி கேட்டார்கள். சமவெளி வணிகர்கள் கடன் பத்திரத்தைக் காட்டி, மலைவாசிக்குப் புரியாத நீதிமன்றத்தில் ஆடு மாடுகளை ஜப்தி செய்தார்கள். 1879-இல் ரம்பா கிளர்ந்தது. அடக்கியபின்தான் அரசு யோசித்தது. மலைவாசி நிலத்தை மலைவாசி அல்லாதவர் அரசின் அனுமதியின்றி வாங்கக் கூடாது என்ற சட்டம் 1917-இல் வந்தது. அதன் பிறகும் அங்கே காட்டுக் கட்டுப்பாடும், சாலை போடக் கட்டாய வேலையும் தொடர, 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் மக்கள் மறுபடி எழுந்தார்கள்.

நல்ல சட்டம் இரத்தம் சிந்தியபின் வருவது ஆட்சிக்கு அவமானம். புகார் மனு உங்கள் மேசைக்கு வரும்போதே அதைக் கிளர்ச்சிக்கு முந்திய மனுவாக நினைத்துப் படியுங்கள்.

7. முடியாத கோப்பை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

கூடலூருக்குப் போகிறவர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தென்கிழக்கு வயநாடு என்ற அந்தப் பகுதி 1877-இல் மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தது. நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. கோவிலகத்திடம் தோட்டக் கம்பெனிகள் குத்தகை எடுத்தன. 1969-இல் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் 17-ஆம் பிரிவில் அடங்கும் குத்தகை நிலங்கள் வழக்கில் சிக்கின. அந்த நிலத்தில் பணியர், காட்டுநாயக்கர் இருக்கிறார்கள்; கேரளத்திலிருந்து வந்து குடியேறிய சிறு விவசாயிகள் இருக்கிறார்கள்; 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த நம் தமிழர்கள் இருக்கிறார்கள். 'பிரிவு பதினேழு' என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் இருந்த காலத்தில் பட்டா கிடையாது, மின் இணைப்புக்குத் தடை, கூரை மாற்றினால் நோட்டீஸ்.

மலையில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு தாயகம் திரும்பியவரின் மனு எனக்கு முன் நான்கு பேர் கையைக் கடந்திருந்தது. ஒவ்வொருவரும் 'உரிய அறிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கைமாற்றியிருந்தார்கள். ஐந்தாவதாக நானும் அதையே எழுதினேன். மூன்று மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தபோது மனுதாரர் இறந்துவிட்டார். இன்றும் அந்தக் கையெழுத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சட்டத்தை மாற்ற என்னால் முடியாது. ஆனால் அவரைக் கூப்பிட்டு, இதனால்தான் தடை, இன்ன வழக்கு முடிய வேண்டும், அதுவரை இன்ன உதவி கிடைக்கும் என்று சொல்லியிருக்க முடியும். செய்ய முடியாததை மனுதாரரிடம் முகம் பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் நிர்வாகம்தான்.

8. பெயரைச் சரியாக எழுதுங்கள்.

ஜக்கதளா வெலிங்டன் ஆனது. ஆள்கிறவர் நாக்குக்கு ஏற்றபடி ஊர்ப்பெயர்கள் மாறின. ஊர் தாங்கிக்கொள்ளும், மனிதர் தாங்க மாட்டார். குறும்பர், குருமன், குறுமன் என்ற பெயர்களில் ஓர் எழுத்துப் பிசகினால் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படும், ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும். அப்பா சான்றில் ஓர் எழுத்து, மகள் சான்றில் வேறு எழுத்து என்றால் தப்பு அவர்களுடையது அல்ல, நம் பேனாவுடையது. அதை நாமே விசாரித்துத் திருத்த வேண்டும்.

தாமஸ் மன்றோ, கலெக்டராக இருந்தபோது, கச்சேரியில் உட்காராமல் குடியானவர்களோடு அவர்கள் மொழியில் பேசித் தீர்வை நிர்ணயித்தவர். அவருடைய ரயத்துவாரி முறையில் எனக்கு ஆயிரம் குறை தெரியும். அந்தப் பழக்கத்தில் குறை இல்லை. நீங்கள் படகர் மொழியில் நலம் விசாரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பணியர் பேச்சு காதில் பழகட்டும். தமிழ் தெரிந்த நடுவர் ஒருவர் வழியாகவே எல்லாவற்றையும் கேட்டால், நீங்கள் கேட்பது அந்த நடுவரின் வழக்கை.

9. காப்பதற்கென்று போட்ட வேலிக்குள் யாரும் அடைபட்டுவிடக் கூடாது.

தோடர் நிலத்தைப் பிறர் பறிக்காமல் இருக்க, விற்கவோ அடகு வைக்கவோ முடியாதபடி விதி செய்தார்கள். நிலம் தப்பியது, அது பெரிய காரியம். ஆனால் பிறகு அந்த நிலத்தில் என்ன செய்வதென்றாலும் வேறொருவரின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. கல்வராயன் மலையில் நேர்மாறு. அங்கே மலையை ஜாகிர்தாரர்களிடம் விட்டுவைத்தார்கள். நாடு விடுதலை பெற்றும், 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்கு உழைத்தார்கள். 'மலை வழக்கத்தில் தலையிடவில்லை' என்ற பெயரால் ஓர் அடிமைத்தனம் நீடித்தது.

தலையிட்டாலும் தவறு நேரும், தலையிடாவிட்டாலும் நேரும். ஆகையால் அவர்களையே கேளுங்கள். 2006-இன் வன உரிமைச் சட்டம் அதற்கு வழி தந்திருக்கிறது: உரிமைக் கோரிக்கையை முதலில் தீர்மானிப்பது கிராமசபை. சபையைச் சடங்காக நடத்தாதீர்கள். பச்சைத் தேயிலை பறிக்கும் நேரத்தில், கூலிக்குப் போகும் நாளில் கூட்டாதீர்கள். பெண்கள் பேசும் வரை காத்திருங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குமுன், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

10. நீங்கள் போய்விடுவீர்கள், சொல் இருக்கும்.

சல்லிவனின் மனைவியும் மகளும் 1838-இல் உதகையில் இறந்தார்கள். செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்து வளாகத்தில் கல்லறை இருக்கிறது. 1841-இல் அவர் நாடு திரும்பினார். பிரீக்ஸ் 1872-இலேயே அங்கே இறந்துபோனார். ஆண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் எழுதிய 'தரிசு'ம் 'காடு'ம் 'அரசு புறம்போக்கு'ம் இன்னும் அங்கே ஆண்டுகொண்டிருக்கின்றன.

நீங்களும் மூன்று ஆண்டில் மாறுதலாகி வருவீர்கள். அதனால் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். 'அ' பதிவேட்டைத் திறந்து, தரிசு என்று எழுதியிருக்கும் ஒரே ஒரு புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம உதவியாளரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். அங்கே யார் மாடு மேய்க்கிறார், யார் விறகு பொறுக்குகிறார், எந்தக் கல்லுக்குப் பொட்டு வைத்திருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைத் தேதி போட்டு, கையெழுத்திட்டு, கோப்பில் சேர்த்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவர் அந்தத் தாளைப் படிப்பார். திரும்பி வந்ததும் பம்மலுக்கு வந்து, அங்கே என்ன கண்டீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.